வெந்தயக்களி வாசம்

குழந்தையின் ஈரத்துணியை மாற்றும்போதுதான் அந்த வாசனையை முதலில் கவனித்தேன். பாகு காய்ச்சும்போது கை தவறிக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்துபோன வெல்லத்தின் வாசனை. மூத்திரத் துணியில் இப்படி ஒரு இனிப்பு வாசனை வரலாமா என்று எனக்குச் சந்தேகம்.

அத்தையிடம் காட்டினேன். அவர் என் அப்பாவின் அக்கா. எனக்கு மாமியாரும் அவர்தான். அம்மா இல்லாத பெண் என்பதால் மாரெட்பள்ளி வீட்டிலேயே பிரசவக் கவனிப்பு முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"களி வாசம்டி. நீ தின்றது பால்ல எறங்கி அதுக்குப் போவுது. வேறென்ன?" என்றார்.

துணியை மூக்கருகே கொண்டுபோகாமலே சொன்னார். அது எனக்கு உறுத்தியது.

பால் ஊறுவதற்காகத் தினமும் காலையில் வெந்தயக்களி கிண்டித் தருவார். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி சேர்த்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தை சொன்னதில் தப்பு இருக்க வாய்ப்பில்லைதான். கைபேசியில் தேடிப் பார்த்தேன். தாய் வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் குழந்தையிடம் இந்த வாசனை வரலாம் என்று போட்டிருந்தது. நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த வரியில், பரம்பரையாக வரும் ஓர் அரிய நோயிலும் இதே வாசனைதான் வரும் என்று இருந்தது. புரதத்தில் உள்ள சில பொருள்களை உடைக்க முடியாமல், அவை ரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குமாம். முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் போனை வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, அப்படி நினைப்பதே சரியில்லை என்றும் நினைத்தேன்.

கணவர் பாலாநகர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சொன்னேன். இந்த ஊரிலேயே வளர்ந்தவர், 'எதுக்கு' என்பதைக்கூட இங்கத்திய உருதுவில் 'கைக்கு' என்றுதான் சொல்வார்.

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? கூகுள்ல பார்த்தா சளிக்குக்கூட கேன்சர்னு வரும். நக்கோ, அதெல்லாம் பார்க்காத."

மறுநாள் களியைத் தின்பதுபோல் தின்று, அத்தை கதவைத் திறக்கப் போன சமயத்தில் மீதியைக் குளியலறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வெந்தயத்தை நிறுத்தினால் வாசனை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தெரிந்துவிடும். படித்தவள் செய்யும் சோதனை என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் மதியம் ரசத்தில் கசப்பு. மோரில் மஞ்சளாகப் பொடி மிதந்தது. இட்லிப்பொடியில்கூட வெந்தயம் தூக்கலாக இருந்தது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். அத்தை வெந்தயத்தை வறுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும் எதுக்கு அத்தை போடறீங்க?"

"பாலு ஊறணும்ல. பச்சை உடம்புக்காரி, கேள்வி கேக்காம தின்னு."

நான் களியைக் கொட்டியதைப் பார்த்துவிட்டாரா? பார்த்திருந்தால் திட்டியிருப்பார். என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார் என்று மட்டும் பட்டது. அதன்பின் அவர் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் வாசலில் நின்று பார்த்தேன். ஒருமுறை குழந்தையின் காதருகே குனிந்து முகர்ந்தார். என்னைக் கண்டதும் முத்தம் கொடுப்பதுபோல் உதட்டைக் குவித்தார்.

அன்று மாலை குழந்தை பாலை வாயில் வாங்கி, உறிஞ்சாமல் அப்படியே கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் கீச்சென்று ஒரு சத்தம், மறுபடி தூக்கம். உடம்பு தொய்ந்து கிடந்தது, திடீரென வில்லாக வளைந்தது. இனி யாரிடமும் அனுமதி கேட்பதற்கில்லை. கணவரை ஆட்டோ பிடிக்கச் சொன்னேன்.

மருத்துவமனையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா, நாங்கள் இருவரும் ரத்த உறவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை" என்றார் கணவர். எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் ரத்த உறவு என்றால் பங்காளிகள். அத்தை பையன் முறைப்பையன், கட்டிக்கொள்ள வேண்டியவன்.

டாக்டரம்மா எங்களை ஒரு நொடி பார்த்துவிட்டு, தெலுங்கில், "மேனரிகமா?" என்றார். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கு இங்கே அதுதான் பேர்.

"ஹவ், ஆமா," என்றார் கணவர்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். குடும்பத்தில் பிறந்த சில நாளில் இறந்த குழந்தை உண்டா என்று கேட்டார். கணவர் இல்லை என்று தலையாட்ட, பின்னாலிருந்து அத்தை சொன்னார்.

"இருந்துச்சு."

கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியாது.

"உனக்கு முன்னாடி ஒரு பையன். பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான். அவன் துணியிலயும் இதே வாசம்தான். களி வாசம்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்."

"இப்ப தெரிஞ்சுமா அத்தை?" என்றேன்.

"வெந்தயத்தாலதான் வருதுன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். அதான் எல்லாத்துலயும் போட்டேன்."

என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ள, நான் ரசத்தைக் குடித்திருக்கிறேன்.

தாய் சாப்பிட்ட வெந்தயமா இல்லையா என்று காத்திருக்க நேரமில்லை என்று டாக்டரம்மா அப்போதே ரத்தம் எடுத்து அனுப்பினார். தாய்ப்பாலை நிறுத்தி, சர்க்கரைத் தண்ணீரை நரம்பு வழியே ஏற்றினார்கள். என் பாலில் இருக்கும் புரதம்தான் அவளுக்கு விஷமாகிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகு மெதுவாக விளக்கினார். முடிவு வந்தபோது, அந்த நோயேதான்.

"இது யார் பக்கத்துல இருந்து வந்தது டாக்டர்?" என்று கேட்டேன். அவர்கள் பக்கம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் வரும். உங்களுக்கு ஒன்றும் செய்யாது, உங்களிடம் இருப்பதும் தெரியாது."

அத்தையும் என் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அத்தை கட்டிக்கொண்டதும் அவருடைய மாமன் மகனைத்தான். பக்கம் என்று பிரிக்க எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

ரத்தத்தில் தேங்கியது மெல்ல இறங்கியது. மூளைக்கு எவ்வளவு சேதம் என்பது அவள் வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். நான் அந்தப் பதிலையும் முழுதாக நம்பவில்லை. தெரிந்தும் சொல்லாமலிருக்கிறார்களோ என்று ஒவ்வொரு நர்ஸின் முகத்தையும் படித்தேன். பிறகு ஒருநாள் அவள் கண்ணைத் திறந்து, பசியில் வாய் கோணி, எல்லாக் குழந்தைகளையும்போல அழுதாள். அவளால் உடைக்க முடியாத அந்தப் பொருள்கள் இல்லாத தனிப் பால்மாவை அளந்து கலக்கி நர்ஸ் கொண்டுவந்தார்.

அத்தை கதவோரம் நின்றிருந்தார். இத்தனை நாளும் உள்ளே வரவில்லை.

"நான் புடிக்கட்டுமாம்மா?"

குழந்தையை அவர் மடியில் வைத்தேன். பாட்டிலை மட்டும் கொடுக்கவில்லை. அதை நானே பிடித்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு மிடறையும் விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.