பதினாறு வோல்ட்டும் ஒரு கண்ணும்

என் கணவருக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். மற்றதை நீரிழிவு கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய கண்ணை அவர் கொண்டுபோய் வைப்பது பொம்மை ரயிலின் சக்கரத்துக்குப் பக்கத்தில். கன்னத்தை மேசையில் சாய்த்து, தண்டவாள மட்டத்தில் பார்த்தால்தான் அது உண்மை ரயிலாகத் தெரியுமாம். எங்கள் ஜன்னலைத் திறந்தால் உண்மை ரயிலே கடலோரம் போகிறது. அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் தண்டவாளம் கறுத்துவிடும். கறுத்த இடத்தில் மின்சாரம் கிடைக்காமல் என்ஜின் நின்றுவிடும். அந்த நொடியைச் சமாளிக்க உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வேண்டும்; மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் சிறிய தகரக் குப்பி. அதை ஈயம் வைத்துப் பற்றவைப்பது என் வேலை. முப்பத்தைந்து வோல்ட் தாங்குவதை வாங்கிவந்தேன். என்ஜினுக்குள் அடங்கவில்லை. பின்னாலுள்ள பெட்டியில் வைத்து வயர் இழுப்போம் என்றேன்.

"வயர் தொங்கினா அது ரயிலே? பன்னெண்டு வோல்ட் ரயிலுக்குப் பதினாறு காணும்" என்றார்.

பதினாறு வோல்ட் தாங்கும் சின்னதையே பற்றவைத்தேன். தாங்கும் அளவைத் தாண்டினால் அது வீங்கி வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ரயில் ஓடும்போதெல்லாம் முகத்தைத் தள்ளி வைக்கச் சொல்வேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் சிரிப்பார்.

ஒருநாள் பெருந்தெருவான காலி வீதியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது போன் எடுத்தார்.

"இஞ்சருமப்பா, அடப்டர் செத்துப்போச்சு. உம்மட பழைய லாப்டொப் சார்ஜரைக் குத்தினனான். குதிரை மாதிரி ஓடுது."

நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டார். அந்தச் சார்ஜர் பத்தொன்பது வோல்ட். திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி அடித்ததே தவிர ஆள் வரவில்லை. ரயில் ஓடினால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடும் மனிதர். மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "நோனா, மாலு" என்று மீனைக் காட்டி மீன்காரர் சிங்களத்தில் பின்னால் கூப்பிட்டார். லிப்ட் வேறு பழுது. படியேறி ஓடினேன். தெய்வத்தைக் கூப்பிடப் பார்த்தால் ஒரு பேரும் வாயில் வரவில்லை. ஒரு கண், ஒரே ஒரு கண் என்றுதான் வந்தது.

கதவைத் திறந்தேன். கன்னம் மேசையில் கிடந்தது. என்ஜின் அவருடைய மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"உமக்கென்ன விசரே?"

"தள்ளி இருங்கோ."

என்ஜினின் மூடியைக் கழற்றினேன். குப்பியின் தட்டைத் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது. அப்போதுதான் அழுதேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பெட்டியிலயே வைப்பம்" என்றார்.

இப்போது எங்கள் ரயிலுக்கு வயர் தொங்குகிறது. முப்பத்தைந்து வோல்ட் என்பது தாராளம். கணக்குப்படி பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ரயில் ஓடினால் நான் பிளக்கடியில்தான் நிற்கிறேன். அது அவருக்குப் பார்வையில்லாத பக்கம். முன்பென்றால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போது கன்னத்தைச் சாய்க்குமுன், "நிக்கிறீரோ?" என்று கேட்கிறார்.

ஓம் என்று நான் சொன்ன பிறகுதான் சாய்கிறார்.