எட்டு ஆட்டத்துப் பெட்டி

புனே தேஹு ரோடு ஜான்சிக்கு வயது முப்பத்தைந்து. அப்பா ஆயுதக் கிடங்கில் பெட்டி சுமந்தவர். மகள் மகர்பட்டாவில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறாள். விதிப்புத்தகம் எதுவானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள், மேஜையில் விரித்து ஆடும் அட்டை விளையாட்டுப் பெட்டி பொறுக்கும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

கூட்டாளிகள் மொத்தம் நாலு பேர். ஜான்சி, அவள் ஆபீஸ் தினேஷ், வானவடியில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி பட்டாபிராமன், அவர் மனைவி ரமா. அவர்களுக்குள் போட்டி கிடையாது. நால்வரும் ஒரே கட்சியாக அட்டையில் வரைந்த நிலவறைக்குள் காய் நகர்த்தி இறங்குவார்கள். பேய் பிசாசெல்லாம் சீட்டுக்கட்டிலிருந்து கிளம்பி வரும். ஜெயித்தால் எல்லோருக்கும் ஜெயம், தோற்றால் கூண்டோடு கைலாசம். ரமா மாமிக்கு எப்போதும் வைத்தியச்சி வேஷம். வாங்கினால் வருஷக்கணக்கில் இழுக்கிற பெட்டியாக வாங்க வேண்டும் என்பது பட்டாபிராமன் போட்ட சட்டம். ஞாயிற்றுக்கு ஒரு ஆட்டமாகப் போன பெட்டியின் கதை முடிய மூன்று வருஷம் பிடித்தது. அடுத்ததற்குத் தொண்ணூற்றைந்து ஆட்டப் பெட்டி ஒன்றை அவரே பார்த்துவைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் மாமி போன் செய்து அழுதாள். "இவருக்கு ஈரல்ல கேன்சராம் ஜான்சி. நாலு மாசம் தாண்டாதுன்னுட்டார் டாக்டர். இவர்கிட்ட அல்சர்னுதான் சொல்லிவெச்சிருக்கேன். தினேஷுக்குக்கூடத் தெரியாது. நீ வாயைத் திறந்துடாதே."

ஜான்சிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பெரிய பெட்டியைப் பிரித்தால் பாதியில் அவர் நாற்காலி காலியாகும். அப்புறம் அதை யார் தொடுவார்கள்? எட்டே ஆட்டத்தில் முடிகிற பெட்டி ஒன்று கிடைத்தது. முடிவையாவது மனிதர் பார்த்துவிடுவார் என்று அதை வாங்கிவிட்டாள். பெரிய புத்திசாலி என்று நினைப்பு, பாவி!

ஞாயிறு காலை பட்டாபிராமன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார்.

"என்னக்கா இது, எட்டே எட்டா? பிசினாறி!" என்று தினேஷ் சிரித்தான்.

"நான் சொன்னது என்னாச்சு?" என்றார் அவர்.

"ஸ்டாக் இல்லையாம் சார்."

"நேத்துதான் கடைக்குப் போன் பண்ணேன். இருக்குன்னானே."

ஜான்சியின் கண் சமையலறைப் பக்கம் போனது. காபியோடு வந்த மாமி அப்படியே நின்றாள். பட்டாபிராமன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டு ஞாயித்துக்கிழமை. டாக்டரே அவ்வளவுதான் சொன்னாரா ஜான்சி, இல்ல நீயா கொறைச்சுண்டியா?"

மாமி டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினேஷின் சிரிப்பு நின்றுபோனது. ஐயோ, மறைக்கப்போய் நானே போட்டு உடைத்துவிட்டேனே என்று ஜான்சி விக்கி விக்கி அழுதாள்.

"அழாதே. பெட்டியைப் பிரி," என்றார் அவர். "இன்னிக்கே ரெண்டு ஆட்டம் ஆடிடலாம்."

கண்ணீரில் அவளுக்குப் பிளாஸ்டிக் உறையின் நுனி அகப்படவில்லை. அவரே வாங்கிக் கிழித்தார்.