மாதுவைச் சுமந்து ஒகேனக்கல் போன வழி

தருமபுரியில் எனக்குத் தையல் கடை. இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒகேனக்கல் போக வேண்டும், எதில் வைத்துத் தூக்கிப் போவது என்று கடைக்கு வருகிறவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். நான் ஒரு பை தைத்துப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போய் வந்தது ஊரில் பலருக்குத் தெரியும். இதுவரை பையைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

நாங்கள் போனது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தை மாதம். அதற்கு முந்தின ஐப்பசியில் என் அண்ணன் இறந்துபோனார். சித்தேரி மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி வந்து விற்பது அவர் தொழில். அந்த முறை காய்ச்சலோடு இறங்கி வந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சாம்பலைக் காவிரியில் கரைக்க வேண்டும், அதையும் பெற்ற பிள்ளை கையால் கரைக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் மகன் மாதுவுக்கு அப்போதுதான் இரண்டு வயது நிறைந்திருந்தது. அடுத்து அவனுக்கு அம்மை போட்டது. அவன் தேறும் வரை சாம்பல் கலயம் மஞ்சள் துணி சுற்றி, ஊருக்கு வெளியே ஒரு புளியமரக் கிளையில் தொங்கியது. பெண்கள் இதற்கெல்லாம் போவதில்லை என்று உறவில் சிலர் அண்ணியைத் தடுத்தார்கள். தாய் இல்லாமல் பிள்ளை வரமாட்டான் என்று அவர் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் இருபது மைல், அதுவரை பஸ் உண்டு. அங்கிருந்து ஒகேனக்கல் பத்து மைல். பாதிக்கு மேல் காடு, கடைசியில் மலை இறக்கம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடாக இருந்த அந்த நாளில் அந்தப் பத்து மைலும் நடைதான். ஆகவே பிள்ளையை எதில் தூக்குவது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது.

இடுப்பில் வைத்துக்கொண்டு அரை மைல் போகலாம், பத்து மைல் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காவடிக் கூடைகளைக் கொடுத்தார். ஒரு கூடையில் மாது, எடைக்கு எடை மற்றொன்றில் அரிசியும் பாத்திரமும் வைத்துத் தெருவில் நடந்து பார்த்தேன். பையன் எழுந்து நின்றான், காவடி சாய்ந்தது, அதோடு அதை விட்டேன். சேலையைத் தோளில் தூளி போலக் கட்டிப் பார்த்தோம். தூங்குகிற பிள்ளைக்கு அது நல்லதுதான், விழித்துக்கொண்டால் நழுவி இறங்குகிறது. ஒரே தோளில் பாரம் விழுவதால் நமக்கும் சீக்கிரம் கழுத்து பிடித்துக்கொள்ளும். தோள்மேல் உட்கார வைத்தால் காட்டுவழியில் கிளை முகத்தில் அடிக்கும்.

கடைசியில், சிப்பாய்கள் முதுகில் மாட்டுகிற பையை நினைத்துக்கொண்டு நானே ஒன்று தைத்தேன். காடாத் துணியை இரண்டாக மடித்து, கால் விட இரண்டு துளை, தோளுக்குப் பஞ்சு வைத்த இரண்டு பட்டை, இடுப்பில் கட்ட ஒரு நாடா. இடுப்பு நாடாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதி பாரம் அதில்தான் இறங்குகிறது. கால் துளையை மடித்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் தொடையை அறுக்கும்.

பஸ் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஆளுக்குப் பத்தணா, பையனுக்குக் கேட்கவில்லை. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஏறும்போது டிரைவர் அண்ணி கையிலிருந்த கலயத்தைப் பார்த்தார். சாம்பலைப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்குப் பயமாக இருந்தது. அவரோ, "மேல கட்ட வேண்டாங்க. மடியிலயே வெச்சுக்குங்க, குலுங்காது" என்றார். வழியெல்லாம் அவர் பள்ளம் பார்த்துத்தான் ஓட்டினார்.

பென்னாகரம் சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். யானை நடமாட்டம் இருப்பதால் தனியாகப் போகக்கூடாது. மூங்கில் ஏற்றப் போகிற வண்டிகள் இரண்டு கிடைத்தன. அண்ணியையும் பையனையும் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மைல் போவதற்குள் குலுக்கலில் மாது வாந்தி எடுத்துவிட்டான். மூட்டையை மட்டும் வண்டியில் விட்டுவிட்டு அவனைப் பையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டேன். பின்னால் கலயத்தோடு அண்ணி நடந்து வந்தார்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வாகு. பின்னாலிருந்து பார்த்தால் ஊர்க்காரர்களே பேர் மாற்றிக் கூப்பிடுவார்கள். மாது என் பிடரியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டான். அவன் பேசுகிற பேச்சே அந்த மூன்று மாதத்தில் குறைந்துபோயிருந்தது. மலை இறக்கம் தொடங்கிய இடத்தில் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவன் என் காதைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, கொரங்கு" என்றான்.

பின்னால் அண்ணியின் காலடிச் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. பதில் வராததால் அவன் மறுபடியும் சொன்னான், பிறகு மறுபடியும். "ஆமா, கொரங்கு" என்றேன். அதன்பிறகு ஆறு வரை அவன் வாய் ஓயவில்லை. மரத்தைக் காட்டினான், வண்டிமாட்டைக் காட்டினான், எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் "அப்பா" சேர்த்துக்கொண்டான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நாங்கள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அண்ணி அழுதுகொண்டே வந்தார் என்பது மூச்சு வாங்குகிற விதத்திலேயே தெரிந்தது.

அருவிக்கு மேலே நீர் அமைதியாக இருக்கிற இடத்துக்குப் பரிசல்காரர் அழைத்துப் போனார். பரிசலில் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கவிழ்ந்தால் இரண்டு பேருக்குமே வழியில்லை. பையைக் கழற்றச் சொல்லி, அவிழ்த்த பிறகுதான் அவர் துடுப்பைத் தொட்டார். மாது அண்ணி மடியில் உட்கார்ந்து, கலயத்துக்குள் கையை விட்டு, மண்ணை வாரி விளையாடுகிற மாதிரி சாம்பலை வாரித் தண்ணீரில் போட்டான். முடிந்ததும் இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினான். அண்ணி அந்தக் கையை ஆற்றிலேயே நனைத்து, விரல் விரலாகக் கழுவினார்.

கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கிளம்பினோம். மாது என் முதுகுப் பக்கம் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் குனிந்தேன்.

"தம்பி, முன்னால கட்டிக்கிறீங்களா?" என்றார் அண்ணி. "உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே வரட்டும்."

வரும்போது எவ்வளவு சந்தோஷமாக வந்தான், இன்று ஒரு நாள் அப்படியே இருக்கட்டுமே என்றேன்.

"இன்னைக்கு இருந்தா நாளைக்கும் தேடுவான். வூட்டுக்குப் போன பின்னால நான் எங்கேருந்துங்க கொண்டாருவேன்?"

பையை மார்புப் பக்கம் திருப்பிக் கட்டினேன். மலை ஏறும்வரை மாது அழுதான். முதுகுக்குப் போகவேண்டும் என்று என் தோளைத் தாண்டிக் கையை நீட்டினான், முகத்தில் அடித்தான். மேலே ஏறியபோது அழுவதற்கு அவனிடம் தெம்பில்லை. என் முகத்தையே பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்த தாயைப் பார்த்து, "அப்பா?" என்று கேட்டான்.

அதுவரை அவன் எப்போது கேட்டாலும், அப்பா மலைக்குப் போயிருக்கார், வருவார் என்றுதான் அண்ணி சொல்லிவந்தார். எங்களிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். அன்று அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, "அப்பா இல்லடா சாமி. செத்துப் போயிட்டாரு. இது சித்தப்பா" என்றார். செத்துப் போனார் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாதுவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அம்மாவின் விரலைப் பிடித்தபடி என் மார்பிலேயே தூங்கிப்போனான். அவன் பிடியை விடுவிக்காமல் அண்ணி என்னை ஒட்டியே பென்னாகரம் வரை நடந்தார்.

இப்போது பஸ் பழையபடி பெட்ரோலில் ஓடுகிறது. தை, மாசியில் போங்கள், ஆடிப் பெருக்கில் சின்னப் பிள்ளையோடு வேண்டாம். பென்னாகரத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி, வெயில் சாய்வதற்குள் காட்டைத் தாண்டித் திரும்பிவிடுங்கள். வண்டியை நம்பாதீர்கள். பை தைத்துக்கொண்டால் முதுகில் கட்டுவதுதான் நடைக்குச் சுலபம், பாரமே தெரியாது. முன்னால் கட்டினால் கால் வைக்கிற இடம் தெரியாது, முதுகு வலிக்கும், மெதுவாகத்தான் நடக்க முடியும். தகப்பன் இருக்கிற பிள்ளை என்றால் முதுகிலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் தைத்துக் கொடுக்கிறேன்.