இரண்டாவது எண்ணைப் பார்த்த ஜமீலா அக்கா

பாஸ்கரன் அண்ணா, இந்த அகால நேரத்தில் மெயில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். ஜமீலா அக்காவின் நினைவு மலருக்கு, அவரோடு நம் கண்ணாடிக் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோரையும் எழுதச் சொல்லியிருந்தீர்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் அங்கேயே வேலை பார்க்கும் என் கணவர். ஷிப்டு முடியுமுன்பே வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "ஸ்டோர் அக்கா போயிட்டாங்க. நெஞ்சுவலியாம்" என்றார். "யாரு சொன்னாங்க? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன். சாரம் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன் செய்து, மகள் அழுவதைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். அப்படி என்னைப் பழக்கியவரே அக்காதான்.

நான் பர்ச்சேஸிலும் அக்கா ஸ்டோர் பொறுப்பிலும் இருந்தபோது ஒரு வியாபாரி கிளவுஸ் கொண்டுவந்தார். அதன் மேல் சுத்தியல் படம், கீழே எதை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் நான்கு எண்கள். முதல் எண்ணில் விரலை வைத்து, "நாலு மேடம், டாப்பு" என்றார்.

"அது தேயறதுக்குங்க. வெட்டுக்கு ரெண்டாவது நம்பரு. அங்க ஒண்ணுன்னுல்ல போட்டிருக்கு?" என்றார் அக்கா.

"எல்லாம் டெஸ்ட் பண்ணது மேடம்."

"பரீட்சை எழுதுனது இதுவா, இதோட அண்ணனா?"

வியாபாரி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பிறகு வெட்டுக்கு உச்சமான ஐந்து போட்ட கிளவுஸே வாங்கினோம். யாரும் குறை சொல்லவில்லை. அதுவே அக்காவுக்குச் சந்தேகம். "ஒருத்தனும் திட்டலன்னா, எவனும் போடலன்னு அர்த்தம்" என்று கட்டிங் மேசைக்கே போய்ப் பார்த்தார். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் கத்தரித்துவிட்டுத்தான் எல்லோரும் மாட்டியிருந்தார்கள்.

"தடியா இருக்குதுக்கா, விளிம்பே தெரியல" என்றார் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த ஏழுமலை.

"அதுக்கு? கண்ணாடி உன் விரல விட்டுட்டு உள்ளங்கையத்தான் வெட்டுமா?"

"கோச்சுக்காதக்கா!"

அக்கா மெமோ கொடுக்கவில்லை. வேறு சில ஜோடிகளை வரவழைத்து, ஒவ்வொருவரையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, உள்ளங்கையில் ரப்பர் பூசிய, மெல்லிய, வெட்டுக்கு நான்கு போட்டதைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு யாரும் நுனியை வெட்டவில்லை.

பாப்பா பிறந்து பார்க்க வந்தபோதும், குழந்தையைக் கொஞ்சும் முன்னால் தொட்டில் கொக்கியை இழுத்துப் பார்த்தவர் அவர்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தச் சந்தேகம்தான். இன்றைக்குத் தூக்கம் போனதும் அதனால்தான். ஸ்டோருக்குப் புது கிளவுஸ் வந்திருப்பதாக இவர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். எண்கள் அக்கா வாங்கியதில் இருந்தவையேதான். ஆனால் பின்னல் தளர்வாக இருக்கிறது, ரப்பர் பூச்சு நகம் பட்டாலே உரிகிறது, தயாரித்தவர் பெயர் எங்குமே இல்லை. "நம்பரு இருக்குதில்ல, வுடு. நீயும் ஸ்டோர் அக்காவா ஆயிட்டியா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். காலையில் இதை மாட்டிக்கொண்டுதான் கண்ணாடி தூக்கப் போகிறார்.

அண்ணா, அக்காவின் நாற்காலியில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். டெஸ்ட் சர்ட்டிபிகேட் இந்தக் கிளவுஸுக்குத்தான் என்று யாராவது சரிபார்த்தீர்களா? மலரில் நான் எழுதியதைச் சேர்ப்பது மெதுவாக இருக்கட்டும். இதற்கு மட்டும், காலை ஷிப்டு தொடங்கும் முன் பதில் எழுதுங்கள்.