ஈரக்கை தட்டினால் வரும் காக்கைகள்

திருவல்லத்து ஆற்றங்கரையில் இன்று, இறந்துபோன அப்பாவுக்குப் பிண்டம் வைத்துப் பலி போட உட்கார்ந்தபோது, விரலில் ஒட்டிய ஈர எள்ளின் வாசனை என்னை எட்டு வயதுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்போது இந்தப் படிக்கட்டுக்கு மேலே ஓர் அரசமரம் நின்றது. ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்குப் பலி போட, அப்பா ஸ்ரீவராகத்திலிருந்து என்னையும் பஸ்ஸில் கூட்டிவருவார். கோயில் மணிச் சத்தத்துக்கும் ஆற்றில் முங்கி எழும் நீர்க்காகங்களுக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மரத்துக் காக்கைகள், யாராவது சோற்றுருண்டையை இலையில் வைத்து ஈரக்கையை மூன்று தரம் தட்டினால், மரமே கறுத்து உதிர்வதுபோல இறங்கும். எனக்கு அது விளையாட்டு. உருண்டையே இல்லாமல் கையை நனைத்துத் தட்டுவேன். அவை வந்து, தரையைப் பார்த்து, கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்க்கும்.

"சும்மா தட்டாதேடி. கூப்பிட்டுட்டு வெறுங்கையைக் காட்டப்படாது," என்பார் அப்பா.

மரம் நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. உள்ளங்கை சிவக்கத் தட்டிவிட்டேன். அப்பாவின் உருண்டை வெயிலில் காய்கிறது. எனக்குப் பின்னால் அடுத்தவர் இலையோடு காத்திருக்கிறார்.

"சாரமில்ல, காக்கை வரலேன்னா பரவால்ல, ஆத்துல விட்டுடுங்கோ," என்கிறார் பலி போட வைப்பவர்.

கையை மறுபடி நனைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை வெறுங்கை இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?