ஆறுக்கு அப்புறம் அவர்

கனகவல்லி அக்கா போய்விட்டார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் ராணி. எங்களோடு தகர டப்பா கம்பெனியில் வேலை பார்த்தவள். பஸ்ஸை விட்டிறங்கி மூச்சு வாங்க நடந்து வந்து, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்த பிறகுதான் சொன்னாள். காலையில் தானே காபி போட்டுக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்று ராணி பெருமையாகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொடுத்திருக்கலாமே. நாலு நாள் படுத்திருந்தால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே.

உங்களில் பலருக்கு அக்காவை மேஸ்திரியாகத்தான் தெரியும். பேக்கிங் ஷெட்டில் அவர் குரல் கொடுத்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். மானேஜர் அறைக்குள் யார் போவது என்று நாம் எல்லாரும் முழித்துக்கொண்டிருக்கும்போது அவர் பாட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு போவார். "கேட்டா இன்னா, நாக்கு தேஞ்சிடுமா?" என்பது அவர் வாய்ப்பேச்சு. அப்படிப்பட்டவர் ஒரு காலத்தில் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே வரத் தெரியாமல் அழுதார் என்றால் நம்பமாட்டீர்கள். அதைப் பார்த்தவர்களில் நானும் ராணியும்தான் மிச்சம். எனக்கு அலங்காரமாகச் சொல்ல வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனி திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு அந்தப்புறம். ஃபிட்டர் ஏழுமலையை எல்லாருக்கும் பிடிக்கும். நல்ல மனுஷன். விஷக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது கம்பெனி வழக்கம். பிள்ளை குட்டி இல்லை. சம்சாரம் மட்டும்தான். அந்தச் சம்சாரம்தான் கனகவல்லி அக்கா. அதுவரை நாங்கள் யாரும் அவரைக் கண்ணால் கண்டதில்லை.

ராயபுரத்தில் கௌரவமான குடும்பம். பெரியமனுஷியான நாளிலிருந்து வாசற்படி தாண்டாமல் வளர்த்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஏழுமலையும் அப்படியே வைத்திருந்தார். கடைக்குப் போவது அவர், தண்ணீர் பிடிப்பதுகூட அவர். கோயிலுக்குப் போனால் அவர் முன்னால், அக்கா பின்னால். தெருப் பேர் தெரியாது, பஸ்ஸில் சீட்டு வாங்கத் தெரியாது. முதல் நாள் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டில் நின்றவரைப் பார்த்து, "இன்னாமே, இங்க நின்னுகினு அழுதா உள்ள யாரு வேலை செய்வா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். காத்திவாக்கத்துக்காரிக்கு நாசூக்கு எங்கே இருக்கிறது?

அவருடைய அண்ணன் வேலைக்கு அனுப்பச் சம்மதிக்கவே இல்லை. தன் வீட்டுக்கு வந்துவிடு, அடுப்படியைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக இரு என்று சொல்லியிருக்கிறார். அக்கா முதன்முறையாக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில், ஒரு பேச்சு வந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு அண்ணன் விட்டிருந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே புருஷனை இழந்த ஒரு சித்தி அப்படித்தான் இருந்தாளாம். யாரும் அவளை ஒன்றும் சொல்லமாட்டார்களாம், ஒன்றும் கேட்கவும் மாட்டார்களாம். "அவங்க முகமே எனக்கு ஞாபகம் இல்ல செல்லி. முதுகுதான் ஞாபகம் இருக்கு" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் ஒருதரம் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "வேலைக்கு" என்று பதில் சொல்லிவிட்டு, இறங்குமிடம் தெரியாமல் டோல்கேட்டில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் முக்காட்டுக்குள் சிரித்தார். மறுநாள் பஸ்ஸில் ஏறியவுடனே ஊர்ப்பேரைக் கண்டக்டர் காதில் விழும்படி உரக்கச் சொன்னாராம். பஸ்ஸே திரும்பிப் பார்த்ததாம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தகர மூடிகளை எண்ணி, டஜன் டஜனாகக் காகிதத்தில் சுற்றிக் கட்டவேண்டும். வாய்விட்டு எண்ணவேண்டும் என்பது ஷெட்டின் சட்டம். அக்கா எங்களையெல்லாம்விடச் சீக்கிரம் கட்டுவார். புதுசா வந்தவளைப் பாருங்கள் என்று ஃபோர்மேன் எங்களை ஏசினார். அப்புறம் ஒரு மத்தியானம், அக்கா கட்டிய கட்டுகளைக் குடோனிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதைப் பிரித்தாலும் பதினொன்றுதான் இருந்தது.

ஒன்று இரண்டு என்றால் கவனக்குறைவு என்று விட்டிருப்பார்கள். எல்லாக் கட்டிலும் ஒன்று குறைந்தால் என்ன அர்த்தம்? உருவி உருவிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறாள் என்றுதான் அர்த்தம். ஃபோர்மேன் கெட்டவர் இல்லை. ஏன் குறைந்தது என்று நேராகவே கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எத்தனை தடவை கேட்டும் வாய் திறக்கவில்லை. திருடவில்லை என்றாவது சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு ஆள் என்றால் அண்ணன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் அக்காவைத் தகரக் குவியலுக்கு முன்னால் உட்காரவைத்து, என் எதிரில் எண்ணச் சொன்னேன். எண்ணினார். நாலு, அஞ்சு, ஆறு என்று ஒவ்வொரு மூடியாக வைத்தவர், வாயை இறுக்கி மூடி ஒரு விநாடி கண்ணைத் தாழ்த்தினார். கை சும்மா இருந்தது. பிறகு எட்டு என்று அடுத்த மூடியை வைத்தார்.

"ஆறுக்கு அப்புறம் இன்னாக்கா?" என்று கேட்டேன்.

"அவர்" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. பேர் ஏழுமலை. அப்படியென்றால் ஏழும் வாயில் வராது, மலையும் வராது. வீட்டில் இருந்தவரை ஆறும் ஒண்ணும் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். இங்கே வேகமாக எண்ணும்போது அந்த இடத்தில் மரியாதைக்கு ஒரு மௌனம். மூடி வைக்க மறந்துபோகிறது. திருட்டுப் பட்டம் கட்டியவர்களிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வார்? சொல்வதென்றால் அதைத்தானே சொல்லவேண்டும்.

நீ பேசாமல் நில்லு, காலையில் நானே ஃபோர்மேனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். "நீ சொன்னா நான் திருடலைன்னு ஆகும், அவ்வளவுதான். திரும்ப நாளைக்கும் நான்தானே எண்ணணும்?" இதைச் சொல்லும்போது அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தோடு அவர் அவ்வளவு தெளிவாக யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மறுநாள் அண்ணன் வெள்ளைச் சட்டையும் கடுகடுத்த முகமுமாக வந்து நின்றார். தங்கச்சியின் துணிமூட்டையைக்கூட எடுத்துவைக்கச் சொல்லிவிட்டே வந்திருந்தார். அவர் பேச வாயெடுப்பதற்கு முன்னால் அக்கா ஃபோர்மேன் அறை மேஜையிலிருந்த மூடிகளைத் தன் பக்கம் இழுத்து எண்ண ஆரம்பித்தார். நாங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் குவிந்து நின்றோம். ஆறு வந்தது. அடுத்த மூடியைக் கையில் எடுத்தார். வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

"ஏழு" என்றார்.

மூடியை வைத்தார். மீதியையும் நிதானமாக எண்ணிப் பன்னிரண்டில் நிறுத்தினார். பிறகு ஃபோர்மேனைப் பார்த்து, தன் புருஷன் பேர் ஏழுமலை என்றும், அதனால்தான் எண்ணிக்கையில் அந்த இடம் விட்டுப்போயிற்று என்றும், இனிமேல் விட்டுப்போகாது என்றும் சொன்னார். அவர் வாயால் நாங்கள் கேட்ட மிக நீளமான பேச்சு அதுவரைக்கும் அதுதான். ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. புருஷன் பேரை நாலுபேர் நடுவில் சொல்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கத்தினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். முக்காடு நழுவியிருந்தது. அதை இழுத்துவிடவில்லை.

"பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு சொன்னீங்க. ஒருநாள்கூட நான் சொன்னதில்லண்ணா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகும்போதுகூட, கூப்பிடணும்னு நெஞ்சு அடிச்சுக்குது, நான் கூப்பிடல. அப்படியும் போயிட்டாரே."

ராணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணனும் மனுஷன்தானே, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. அதுவரை புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், அன்றிலிருந்து பேசித் தீர்த்துவிட்டார். ஏழுமலைக்குக் கத்தரிக்காய் ஆகாது, ஏழுமலை தூக்கத்தில் பாடுவார், ஏழுமலைக்கு இடது காலில் மச்சம். "போதும்க்கா உன் ஏழுமலை புராணம், பேஜாராகீது" என்று நாங்கள் கெஞ்சும்வரை விடமாட்டார். பேரைப் பூட்டிவைத்தபோது மனுஷனையும் சேர்த்துப் பூட்டிவைத்திருந்தார் போலிருக்கிறது. தனியாகச் சந்தைக்குப் போனார், தனியாகச் சினிமாவுக்குப் போனார், எங்கள் பாஷையை எங்களைவிட நன்றாகப் பேசினார். பிறகு மேஸ்திரியானார். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்று இருக்கிறது. அப்போது எனக்குக் கல்யாணமாகி சில மாதம்தான். என் வீட்டுக்காரர் விடியலில் கட்டுமரத்தில் போவார். கடலுக்குப் போகிறவர் பேரைப் பெண்டாட்டி சொன்னால் கடல் எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் குப்பத்துப் பயம். நான் கரையில் நின்று, அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அக்கா பேசிய மறுநாள் விடியலில், ஈரமணலில் நின்றுகொண்டு, "தேசப்பா!" என்று வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூப்பிட்டேன். கட்டுமரத்துக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் அலைக்கு நடுவில் திடுக்கிட்டுத் திரும்பி, "இன்னாமே?" என்றார். சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. சும்மாதான் கூப்பிட்டேன் என்று கையை ஆட்டினேன்.

கனகவல்லி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இப்போது தேசப்பனுக்குக் காது மந்தம். இரண்டு தடவை கூப்பிடவேண்டியிருக்கிறது. கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்க்கிறார்.