யாரும் சாகாத படம்

நாங்கள் படம் பார்க்கிறவர்கள் இல்லை, கேட்கிறவர்கள். கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்போம். கையும் கண்ணும் மிட்டாயில்தான் இருக்க வேண்டும். உடைந்த துண்டு ஒன்று உள்ளே போய்விட்டால் முதலாளி அன்றைக்கு முழுக்க ஏசுவார். காது மட்டும் சும்மா கிடக்கும். அதற்காக யாராவது ஒருத்தியின் போனை அலமாரியில் வைத்து, சின்ன ஸ்பீக்கரை மாட்டி, ஒரு படத்தைப் போட்டுவிடுவோம். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. போன் சுவரைப் பார்த்து நிற்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவள்கூட அதை எட்டிப் பார்க்க மாட்டாள்.

அதனால் எங்கள் ருசியே வேறு. ஊரெல்லாம் தூக்கி வைத்து ஆடிய படத்தை நாங்கள் அரை மணி நேரத்தில் நிறுத்தியிருக்கிறோம். காற்றுச் சத்தமும் குதிரைச் சத்தமும்தான் வந்தது. வேறு யாரும் சீண்டாத ஒரு பழைய குடும்பப் படத்தை ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறோம். மாமியார் வேஷம் போட்ட அம்மாவுக்கு அப்படி ஒரு தொண்டை. எங்களிடம் ஒரு படத்தை யாராவது சொன்னால் முதல் கேள்வி, ‘கேக்கதுக்கு எப்படி?’ என்பதுதான். ஹீரோவின் மூஞ்சியை வைத்து நாங்கள் என்ன செய்ய?

நடுவில் பேச்சே இல்லாத இடம் வரும். அப்போது ஆளுக்கொன்று சொல்லி நிரப்புவோம். “கட்டிப் பிடிச்சிருப்பான்” என்பாள் ஒருத்தி. “இல்ல, லெட்டர் படிக்கா” என்பாள் இன்னொருத்தி. யார் சொன்னது சரி என்று போய்ப் பார்த்தது கிடையாது. பிறகு பேச்சு வந்ததும் அதற்குத் தகுந்த மாதிரி எங்கள் கதையைத் திருத்திக்கொள்வோம்.

எங்களுக்குப் படம் தேடிக் கொடுத்தவன் என் மகன். ஒரே மகன். கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை, பைக்கில் போய் வருவான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் போனில் படங்களை ஏற்றிக் கொடுப்பான். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுப் பார்ப்பான். “யம்மா, இது ஒங்க செட்டுக்கு ஆவாது. பூராம் பாட்டு” என்று தள்ளுவான். “இது கேளுங்க. ஒரு வக்கீல் பேசுதான் பாருங்க, மிட்டாய எண்ண மறந்துருவீங்க” என்பான். அவன் சொன்ன படம் சோடை போனது இல்லை. கம்பெனியில் என்னைவிட அவனுக்குத்தான் பேர்.

போன மழைக்காலத்தில் இடைசெவலுக்குப் பிரியும் விலக்கில் நாலு வழிச் சாலையைத் தாண்டும்போது லாரி மோதி இறந்துபோனான். அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் கட்டிக்கொள்ள விட்டேன், அவ்வளவுதான். “அழுதுரு தாயி, அடக்கி வைக்காத” என்றார்கள். அடக்கி வைத்தால்தானே திறந்துவிட முடியும்? பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தெரிந்தது, ஆனால் அது என்னுடையது மாதிரி இல்லை.

சாவு விழுந்த துட்டி வீட்டில் டிவி போடக்கூடாது என்று என் நாத்தனார் முதல் நாளே ஒரு துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தால் எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அதை யாரும் எடுக்கவில்லை. தூசி தட்டும்போது துண்டுக்கு மேலேயே தட்டிவிட்டுப் போவேன்.

என் வீட்டுக்காரர் மினிபஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க ஊர்ப் பெயர்களைக் கூவுகிற தொண்டை. அவர் பஸ் இடைசெவல் விலக்கு வழியாகத்தான் போகும். ரூட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன், கேட்கவில்லை. தினமும் அந்த இடத்தில் “வெலக்கு எறங்கு” என்று கூவி, ஆளை இறக்கி, விசில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். மகன் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று இன்னொருவர் எழுந்து போய்விடுவோம். மகன் போனதோடு இந்த மனுஷனும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு மரத்துப் போகாமல் இருந்தது.

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாரும் எனக்குப் படம் சொன்னார்கள். நாத்தனார் ஒரு சாமி படத்தைச் சொன்னாள். அதில் செத்த பிள்ளையை அம்மன் எழுப்பிக் கொடுத்துவிடுவாளாம். இதை என்னிடம் வந்து சொல்கிறாளே என்று பார்த்தேன், அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி, “சிரிப்புப் படமாப் பாருங்கம்மா, மனசு லேசாவும்” என்று பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே நான்கு பெயர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு கம்பெனியில் சாவு வருகிற படமே போடவில்லை. எனக்காகத்தான். ஒரு படத்தில் திடீரென்று ஆஸ்பத்திரி வந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஓடிப்போய் நிறுத்தினார்கள். முட்டிக்கொள்ளாத குறை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

என் பக்கத்தில் உட்காரும் பெண் சின்னவள், கல்யாணமாகி இரண்டு வருடம்தான் இருக்கும். ஒரு நாள் ஒரு பென்டிரைவை என் கையில் வைத்து மூடினாள்.

“யக்கா, நீங்க லீவுல இருந்தப்ப கேட்ட படம். அம்மாவும் மவனுமா ஒரு கதை. பயப்படாதீங்க, ஒருத்தரும் சாவ மாட்டாவ. மவன் கோவிச்சுக்கிட்டு ரயிலேறிப் போறான். கடைசியில வந்துருதான். ‘வந்துட்டியா, கையக் கழுவிட்டு வா’ன்னு அம்மா சோறு போடுதா. நாங்க பூராப் பேரும் அழுதுட்டோம். அத்தானையும் கூட வச்சுப் பாருங்க.”

எனக்குப் பார்க்க ஆசை இல்லை. ஆனால் அத்தானையும் கூட வைத்து என்று சொன்னாள் பாருங்கள், அதற்காக வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி மேல் கிடந்த துண்டை எடுத்தேன். அவர் பார்த்தார். “பக்கத்துல இருக்க பிள்ள குடுத்தா. யாரும் சாவாத படமாம்” என்றேன். “போடு” என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொளகில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வீட்டிலும் நான் அப்படித்தான். டிவி ஓடும், தலை நிமிர மாட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், இனி மாறாது.

கேட்பதற்கு நல்ல படம்தான். அந்த அம்மாவின் குரல் நம் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி இருந்தது. மகன் வேலைக்கு வெளியூர் போகிறேன் என்கிறான், அவள் விட மாட்டேன் என்கிறாள். சண்டை வருகிறது. கதவு அடித்துச் சாத்தும் சத்தம். ஸ்டேஷன் இரைச்சல். ரயில் ஊதுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. சொளகில் கல் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

அவருடைய மூச்சு மாறியது. அதனால்தான் நிமிர்ந்தேன்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஒரு வேட்டியை விரித்து மூடிக்கொண்டிருந்தார்கள். வேட்டிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. அடுத்து அந்த அம்மா ஒரு வெறும் பாய்க்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயில் யாரும் இல்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கம்பெனியில் போன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். பத்துப் பேரும் அந்தச் சத்தமில்லாத இடத்தில் அவனை ரயிலேற்றி அனுப்பி, அம்மா பேசியதும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதைத்தான் சொன்னாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். நான் நிமிர்ந்து பார்த்தது அவருக்குத் தெரியாது. அவர் கண் டிவியில்தான் இருந்தது.

“என்ன, சத்தத்தையே காணும்?” என்றேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டுக் கேட்டு வாய் தானாகக் கேட்டிருக்கும்.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

“ஒண்ணுமில்ல. ரயிலேறிப் போயிட்டான்” என்றார்.

டிவியில் அந்த அம்மா பேசினாள். “வந்துட்டியா? கையக் கழுவிட்டு வா.”

“வந்துட்டான்” என்றார் அவர். கூவிக் கூவிக் கரகரத்த தொண்டை, அதைவிட மோசமாக இருந்தது.

“ம்” என்றேன்.

வயலின் மாதிரி ஏதோ ஒரு சத்தம் மெல்ல எழுந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். படம் முடிந்துவிட்டது. உளுந்திலும் கல் இல்லை. வெறுமனே விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். முடிந்த படத்தைப் பற்றி, “அப்புறம்?” என்று கேட்டேன்.

“அப்புறமா? சாப்பிடுதான்.”

“ஒக்காந்தா?”

“எங்க ஒக்காந்தான்? நின்னுக்கிட்டேதான். அடுப்படிக்குள்ளயே வந்து நிக்கான். தோசையச் சுருட்டி வாயில வைக்கான். செருப்பக்கூடக் கழத்தல.” நிறுத்தினார். பிறகு, “நீ ஏசுத” என்றார்.

என் கை நின்றுவிட்டது. அந்த அம்மா வைத்திருந்தது சோறு. தோசை சுடுகிறவள் நான். செருப்போடு அடுப்படிக்குள் வருகிறவன் எங்கள் மகன். இவர் காலையில் முதல் டிரிப்புக்கு இருட்டோடு போய்விடுகிறவர், இதையெல்லாம் எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி நாள் காலையில் நேரமாகிவிட்டது என்று அவன் சாப்பிடாமல் கிளம்பினான். மாவு கரைத்து, தோசைக்கல்லைக் காயப்போட்டு நின்றேன். “வந்து சாப்பிடுதேன்” என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

தாடையில் போட்ட ஊசியின் மரப்பு விட்டது போல வலித்தது. சொளகைக் கீழே வைத்தேன்.

“எத்தன தோச?” என்று கேட்டேன்.

அவர் டிவியையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“மூணு” என்றார். “இன்னொண்ணு கேக்கான்.”